செம்மண்ணின் கரிமக் கணக்கு: ரோதம்ஸ்டெட் முதல் ஆரோவில் வரை

மண் கரிமம் என்பது மட்கிய இலை, வேர், சாணம், நுண்ணுயிர் ஆகியவற்றின் வடிவில் மண்ணுக்குள் தங்கியிருக்கும் கார்பன். சீர்கெட்ட ஒரு நிலம் தேறி வருகிறதா என்பதை அறிய இன்று உலகெங்கும் பார்க்கப்படும் முதன்மையான எண்களில் இதுவும் ஒன்று. இந்த எண்ணை அளக்கவும், அளக்க இயலாத இடங்களில் கணித்துச் சொல்லவும் மனிதர் கற்றுக்கொண்ட வரலாறு ஏறத்தாழ 180 ஆண்டு நீளமுள்ளது. அதில் தமிழ்நாட்டுக்கு இரண்டு முக்கியமான இடங்கள் உண்டு. ஒன்று, 1909-ல் தொடங்கிய கோயம்புத்தூர் நிரந்தர உரப் பரிசோதனை வயல். மற்றது, 1968-க்குப் பின் ஆரோவில் மேட்டுநிலத்தில் எழுந்த காடு.

சொற்களைப் பற்றி ஒரு சிறு விளக்கம். ஆய்வகத்துக்கு எடுத்துச் செல்லும் மண்ணையும் 'மாதிரி' என்கிறோம். கணிப்பதற்கான சமன்பாட்டுத் தொகுப்பையும் 'மாதிரி' என்கிறோம். குழப்பம் வராதிருக்க, முன்னதை மண்கூறு என்றும் பின்னதைக் கணித மாதிரி என்றும் இங்கே எழுதுகிறேன்.

ஒரு ஹெக்டேரில் எவ்வளவு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தின் மேட்டு நிலங்களில் செம்மண்ணும் செம்மண் கலந்த சரளையும் பரவலாகக் காணப்படும். செங்குன்றம் என்ற ஊர்ப்பெயரே அந்த நிறத்தைச் சொல்கிறது. 1863-ல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்ததும் இத்தகைய சரளையில்தான். அந்த வகையில் இது உலகப் புகழ்பெற்ற மண். ஆனால் உழவனைக் கேட்டால், "தண்ணி நிக்காத மண்ணு" என்று மூன்றே சொல்லில் முடித்துவிடுவார்.

கணக்கு எப்படிப் போடுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். மேல்மண்ணை 30 செ.மீ. ஆழம் வரை எடுத்துக்கொண்டால் 3,000 கன மீட்டர் மண். ஒரு கன மீட்டர் செம்மண் 1.5 டன் எடை என்று கொண்டால் மொத்தம் 4,500 டன். அதில் கரிமம் 0.4 சதவீதம் என்றால், 18 டன். வெயிலில் காய்ந்து, பயிரும் இல்லாமல் ஆடுமாடு மேய்ந்து தேய்ந்த நிலத்துக்கு இது பொருத்தமான எடுத்துக்காட்டு. மண் பரிசோதனை நிலையங்களில் 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் 'குறைவு', 0.75-க்கு மேல் என்றால் 'அதிகம்' என்று குறிப்பார்கள்.

அதே நிலம் காடாகி, கரிமம் 1 சதவீதத்தை எட்டினால் 45 டன். மண்ணுக்குள் கூடியது 27 டன். இதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்ற 44-ஐ 12-ஆல் வகுத்துவரும் 3.67-ஆல் பெருக்க வேண்டும். அதாவது ஒரு ஹெக்டேர் மண் மட்டும், மரங்களை விட்டுவிட்டு, காற்றிலிருந்து 99 டன் வாயுவை எடுத்து வைத்திருக்கிறது. (மட்கு கூடினால் மண் பொலபொலவென்று ஆகி அதன் எடை குறையும். எனவே நுணுக்கமாகப் பார்த்தால் 45 டன் இன்னும் சற்றுக் குறையும். பள்ளிக் கணக்குக்கு இது போதும்.)

இதையே எதிர்த்திசையில் பார்க்கலாம். சென்னை வளர வளர, அதன் மேற்கிலும் வடமேற்கிலும் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகள் பெருகின. செங்கலுக்கு வேண்டியது மேல்மண். ஒரு வயலில் ஓர் அடி மண்ணை வெட்டி எடுத்தால், மேலே போட்ட கணக்கிலுள்ள 18 டன் கரிமமும் ஒரே வாரத்தில் லாரி ஏறிவிடுகிறது. அதைத் திரும்பப் பெற எத்தனை ஆண்டு ஆகும் என்பதுதான் கேள்வி. விடை சொல்ல வேண்டுமானால், எங்கோ ஒருவர் பல ஆண்டுகள் பொறுமையாக அளந்து எழுதி வைத்திருக்க வேண்டும்.

சாணம் எரிந்த கதை

இந்திய மண்ணின் சத்துக் குறைவைப் பற்றி அரசு முதலில் கவலைப்பட்டது பஞ்சங்களுக்குப் பிறகு. 1889-ல் இங்கிலாந்தின் அரச வேளாண் சங்கத்தின் வேதியியல் ஆலோசகர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். நாடு முழுவதும் சுற்றி, 1893-ல் அவர் வெளியிட்ட அறிக்கை இன்றும் படிக்கத்தக்கது. இந்திய உழவனுக்கு உழவு தெரியாது என்று அன்று பல அதிகாரிகள் பேசிவந்தார்கள். வோல்க்கர் அதை ஏற்கவில்லை. உழவனுக்குத் தொழில் தெரியும். அவனிடம் எரிக்க விறகு இல்லை, ஆகவே எருவாக வேண்டிய சாணம் வறட்டியாகி அடுப்புக்குப் போகிறது என்று அவர் கண்டார். ஊர்தோறும் விறகுக்கும் தீவனத்துக்கும் தனிக்காடு வளர்க்க வேண்டும் என்பது அவர் பரிந்துரை. மண்ணின் வளத்தையும் மரத்தையும் ஒரே கணக்கில் சேர்த்துப் பார்த்த தொடக்க கால அறிக்கைகளில் இது ஒன்று. காடு வளர்க்கும் திட்டங்களில் மண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் எழுதுகிற இன்றைய வழக்கத்தைவிட அது எவ்வளவோ மேல்.

சென்னையில் வேளாண் கல்வி தொடங்கிய இடம் சைதாப்பேட்டை. 1868-ல் அங்கே தொடங்கிய வேளாண் பள்ளி, பின்னர் கல்லூரியாகி, 1906-ல் கோயம்புத்தூருக்கு இடம்பெயர்ந்தது. இன்றைய தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேர் அதுதான். இடம் மாறிய மூன்றாவது ஆண்டில், 1909-ல், அங்கே ஒரு செம்மண் வயலைப் பாத்திகளாகப் பிரித்து நிரந்தர உரப் பரிசோதனையைத் தொடங்கினார்கள். ஒரு பாத்திக்கு எந்த உரமும் இல்லை. ஒன்றுக்குத் தொழு உரம் மட்டும். மற்றவற்றுக்குத் தழை, மணி, சாம்பல் சத்துகள் தனித்தனியாகவும் சேர்த்தும். ஆண்டுதோறும் அதே பாத்திக்கு அதே உரம். 1885-ல் கான்பூரிலும் 1908-ல் பீகாரின் பூசாவிலும் இத்தகைய வயல்கள் தொடங்கியிருந்தன.

இத்தகைய பரிசோதனையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும். சோளமும் ராகியும் வளர்ந்த பாத்திகள், அவ்வளவுதான். அதன் மதிப்பு கண்ணுக்குத் தெரிகிற பயிரில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. தொழு உரம் பெற்ற பாத்தியின் மண்ணில் கரிமம் ஒரு நிலையில் நிற்பதையும், ஒன்றும் பெறாத பாத்தியில் அது தாழ்ந்து கிடப்பதையும் ஒரு தலைமுறைக்குப் பின் அடுத்த தலைமுறை அளந்து காட்ட முடிந்தது. கிடை போடுவதும், ஆவாரையும் கொழிஞ்சியும் எருக்கும் வெட்டி மிதிப்பதும் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு எண்ணால் கிடைத்த விளக்கம் அது.

வேலி போட்டு விட்டுவிட்ட வயல்

கோயம்புத்தூருக்கு முன்மாதிரி இலண்டனுக்கு வடக்கே உள்ள ரோதம்ஸ்டெட். 1843-ல் ஜான் பென்னட் லாஸ் என்ற நிலவுடைமையாளரும் ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற வேதியியலாளரும் அங்கே கோதுமைப் பரிசோதனையைத் தொடங்கினார்கள். பிராட்பாக் என்ற அந்த வயல் இன்றும் தொடர்கிறது. அவர்கள் செய்த மிகப் பெரிய வேலை, மண்ணையும் தானியத்தையும் வைக்கோலையும் புட்டிகளில் அடைத்து, சீட்டு ஒட்டி, அடுக்கி வைத்ததுதான். எதற்குப் பயன்படும் என்று அவர்களுக்கே அன்று தெரிந்திருக்க முடியாது. கதிரியக்கக் கரிமத்தை அளக்கும் முறை வந்தது 1940-களின் இறுதியில். அப்போது ஆய்வாளர்கள் அந்தப் பழைய புட்டிகளைத் திறந்தார்கள்.

ரோதம்ஸ்டெட்டின் இரண்டு நிகழ்வுகள் நம் பொருளுக்கு நேரடியாகத் தொடர்புடையவை.

ஹூஸ்ஃபீல்டு என்ற பார்லி வயலில் ஒரு பகுதிக்கு 1852 முதல் 1871 வரை இருபது ஆண்டு தொழு உரம் இட்டார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறாண்டுக்கு மேல் கழிந்த பின்னும் அந்தப் பகுதியின் மண்ணில் பக்கத்துப் பாத்தியைவிடக் கரிமம் அதிகம் இருந்தது. தாத்தா இட்ட எரு பேரனுக்கு உதவியது என்று சொன்னால் மிகையில்லை. குளிர்நாட்டில் அப்படி, நம் நாட்டில் என்ன ஆகும் என்பதைக் கீழே பார்ப்போம்.

மற்றது 1882-ல் நடந்தது. பிராட்பாக் கோதுமை வயலின் ஒரு மூலையை அறுவடை செய்யாமல், உழாமல், வேலியிட்டு அப்படியே விட்டார் லாஸ். நான்காம் ஆண்டில் அங்கே சோனிக் கோதுமைச் செடிகள் சிலவே மிஞ்சின. களை வந்தது, புதர் வந்தது, பின்னர் மரங்கள் வந்தன. பல்லாயிரம் ஆண்டு பழகிய பயிர், மனிதன் கைவிட்டால் நான்கு ஆண்டு தாங்காது என்பதை லாஸ் காட்ட நினைத்தார். அது மண்கரிம ஆய்வுக்கு ஒரு புதையலாகும் என்பது அவருடைய எண்ணத்தில் இருந்திருக்காது. 1880-களின் மண்ணும் நூறாண்டு கழிந்த மண்ணும் ஒரே இடத்திலிருந்து கையில் கிடைத்தன. கைவிடப்பட்ட விளைநிலம் தானே காடாகும்போது மண்ணில் கரிமம் எந்த வேகத்தில் ஏறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. 1886-ல் கைவிடப்பட்ட கீஸ்கிராஃப்ட் என்ற பக்கத்து வயலும் காடானது. அங்கே மண் புளிப்பு, ஆகவே ஏற்றம் மந்தம். ஒரே மழை, ஒரே வெயில், சற்றுத் தள்ளி இன்னொரு வேகம்.

அரிசிப் பானையும் குதிரும்

இந்தப் பதிவுகளையெல்லாம் ஒரு கணித மாதிரியாக ஆக்கியவர் டேவிட் ஜென்கின்சன். 1960-களில் அவர் கதிரியக்கக் கரிமம் ஊட்டி வளர்த்த புல்லை மண்ணில் கலந்து, அது எப்படி மறைகிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார். ஓராண்டில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியது. ஐந்தாண்டில் ஐந்தில் ஒரு பங்கு. முதலில் வேகமாகக் கரைந்தது, பிறகு மிக மெதுவாக. எனவே மண்ணின் கரிமம் ஒரே பொருளாக இருக்க முடியாது. விரைவில் அழிவதும் நின்று நிலைப்பதும் கலந்திருக்க வேண்டும். 1977-ல் ரெய்னருடன் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்ததே ரோத்-சி என்ற கணித மாதிரி.

பழைய வீடுகளில் நெல்லும் அரிசியும் இருந்த விதத்தை நினைத்துக்கொண்டால் ரோத்-சி எளிதில் புரியும். அன்றாடம் கை போகும் அரிசிப் பானை ஒன்று. அவ்வப்போது பிரிக்கும் மூட்டை ஒன்று. ஆண்டுக்கும் நிற்கும் குதிர் ஒன்று. அதுபோல மண்ணில் விழும் இலைதழை இரண்டாகப் பிரிகிறது: எளிதில் மட்குவது, எளிதில் மட்காதது. அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்க் கூட்டம் மூன்றாவது. மட்கு நான்காவது. எதற்கும் அசையாத பழங்கரிமம் ஐந்தாவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சிதைவு வேகம் உண்டு: ஆண்டுக்கு முறையே 10, 0.3, 0.66, 0.02, ஐந்தாவதற்குச் சுழி. பன்னிரண்டாம் வகுப்பில் கதிரியக்கச் சிதைவுக்குப் படிக்கும் அதே சமன்பாடுதான் இங்கும். 0.693-ஐ இந்த எண்களால் வகுத்தால் அரை ஆயுள் கிடைக்கும். எளிதில் மட்குவதற்கு 25 நாள். மட்காததற்கு இரண்டேகால் ஆண்டு. மட்குக்கு ஏறத்தாழ 35 ஆண்டு.

இவை ரோதம்ஸ்டெட்டின் குளிருக்கான எண்கள். வேறு ஊருக்கு எடுத்துப் போகும்போது வெப்பம், ஈரம், நிலப்போர்வை ஆகிய மூன்றாலும் பெருக்க வேண்டும். ரோதம்ஸ்டெட்டின் சராசரி வெப்பநிலையான 9 பாகை சொச்சத்தில் வெப்பப் பெருக்கி 1. சென்னையின் ஆண்டுச் சராசரியான சுமார் 28.5 பாகைக்கு அதே சமன்பாட்டைப் போட்டால் பெருக்கி 4.5. அங்கே 35 ஆண்டு நின்ற மட்கு, ஈரம் குறையாத வெற்று நிலத்தில் இங்கே எட்டு ஆண்டுக்குள் பாதியாகிவிடும். ஏட்டுக் கணக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஜென்கின்சனும் அயனாபாவும் அதே கதிரியக்கப் புல்லை நைஜீரியாவின் மண்ணில் இட்டுப் பார்த்து 1977-ல் வெளியிட்ட முடிவும் அப்படியே இருந்தது: சிதையும் விதம் மாறவில்லை; வேகம் மட்டும் நான்கு மடங்கு.

நம் மண்ணைக் காப்பாற்றுவது, சற்று விந்தையாக, கோடை. மண் முற்றிலும் காய்ந்தால் ஈரப் பெருக்கி 0.2 வரை இறங்கும். நுண்ணுயிர்கள் வேலையை நிறுத்திக்கொள்ளும். ஐப்பசி மழை தொடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூன்றாவது பெருக்கி நிலப்போர்வை. வெற்று நிலத்துக்கு 1, செடி மூடிய நிலத்துக்கு 0.6. ஒரே மழை, ஒரே வெயில் இருந்தாலும், செடி மூடிய நிலத்தில் கரிமம் வெளியேறும் வேகம் நூற்றுக்கு நாற்பது குறைவு. புதிதாக இலை ஒன்றும் விழாவிட்டால்கூட.

களிக்கும் பங்குண்டு. சிதையும் பொருளில் ஒரு பகுதி வாயுவாகப் போகும், மீதி மட்காகவும் நுண்ணுயிராகவும் தங்கும். களி 10 சதவீதமுள்ள மணற்பாங்கான மண்ணில் 100-க்கு 19 பங்கு தங்கும். களி 40 சதவீதமானால் 24 பங்கு. ஏரி வண்டலை வண்டி வண்டியாகக் கோடையில் வயலுக்கு அடித்த நம் முன்னோர் இந்தச் சமன்பாட்டை அறியார், பலனை அறிந்திருந்தார்கள். செம்பரம்பாக்கம், அம்பத்தூர், கொரட்டூர், பருத்திப்பட்டு என ஏரிகள் சூழ்ந்த நம் வட்டாரத்தில் அது எளிதாகவும் இருந்தது. 2017-ல் தமிழ்நாடு அரசு, விவசாயிகள் ஏரி வண்டலை இலவசமாக எடுக்க விதிகளைத் தளர்த்தியது. அதற்குள் இங்கே வயல்களே பெரும்பாலும் மனைகளாகிவிட்டன என்பது வேறு கதை.

ரோத்-சி தனித்து நிற்கவில்லை. அமெரிக்கப் புல்வெளிகளை அடிப்படையாகக் கொண்டு பார்ட்டனும் அவர் குழுவினரும் 1987-ல் வெளியிட்ட செஞ்சுரி என்ற கணித மாதிரியும் பரவலாகப் பயன்படுகிறது. 2002 முதல் 2005 வரை நடந்த ஒரு பன்னாட்டுத் திட்டத்தில் அமேசான், ஜோர்டான், கென்யா ஆகியவற்றுடன் நம் கங்கைச் சமவெளியிலும் இவ்விரு மாதிரிகளும் சோதிக்கப்பட்டன. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு உலக மண்கரிம வாய்ப்பு வரைபடத்துக்கு ரோத்-சி-யையே எடுத்துக்கொண்டது.

ஆரோவில்: வரப்பிலிருந்து தொடங்கிய காடு

1968 பிப்ரவரி 28 அன்று, புதுச்சேரிக்கு வடக்கே விழுப்புரம் மாவட்ட எல்லைக்குள் உள்ள ஒரு மேட்டில் ஆரோவில் தொடங்கப்பட்டது. தொடக்க விழாவில் 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டார்கள். உலகத்து மண்ணெல்லாம் வந்து சேர்ந்த அந்த இடத்தில், உள்ளூர் மண் ஒவ்வோர் ஐப்பசியிலும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மரமில்லாத செம்மண் மேடு. மழைநீர் அறுத்த ஆழமான ஓடைகள். அடைமழைக்குப் பின் கடலோரத் தண்ணீர் சிவந்து கிடந்ததை அக்காலத்தவர் பலரும் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே குடியேறியவர்கள் மண்ணியல் ஆய்வுக்காக வந்தவர்கள் அல்லர். அவர்களுக்கு வேண்டியது நிழல், தண்ணீர், காற்றுத் தடுப்பு. முதலில் மரம் நட்டுப் பார்த்தார்கள். வெயிலும் ஆடுமாடும் கறையானும் சேர்ந்து கன்றுகளை முடித்தன. தண்ணீரை நிறுத்தாமல் மரம் நிற்காது என்று விரைவில் தெரிந்தது. எனவே வரப்பு போட்டார்கள். சரிவுக்குக் குறுக்கே மண் வரப்புகள், ஓடைகளில் தடுப்பணைகள், சிறு குளங்கள். குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, கோட்டக்கரை போன்ற சுற்றுக் கிராமத்து மக்களின் உழைப்பு இதில் பெரும்பங்கு. காட்டைப் பற்றிய பல எழுத்துகளில் அவர்களுக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. மண் வெட்டி வரப்பு கட்டத் தெரிந்தவர்கள் அவர்கள்தாம் என்பதையாவது சேர்த்து எழுதலாம்.

வரப்புக்குப் பின் வந்தவை முரட்டு மரங்கள். ஆஸ்திரேலிய அக்கேசியா வகைகள் அந்த மண்ணில் வேகமாக வளர்ந்தன. பயறு வகையைச் சேர்ந்ததால் காற்றிலிருந்து நைட்ரஜனையும் சேர்த்தன. அவற்றின் சருகு தடித்தது, மெதுவாக மட்குவது. ரோத்-சி-யின் மொழியில் சொன்னால், பயிர்ச் சருகில் எளிதில் மட்குவதற்கும் மட்காததற்கும் உள்ள விகிதம் 1.44, காட்டுச் சருகில் அது 0.25. அரிசிப் பானையில் விழுவது குறைவு, மூட்டையில் சேர்வது அதிகம். நிழல் விழுந்தது, நிலம் மூடியது.

இரண்டாம் கட்டம்தான் ஆரோவில்லின் தனிச்சிறப்பு. அந்த மேட்டில் பழைய காடு எதுவாக இருந்திருக்கும் என்று தேடியபோது, விடை கோயில் தோப்புகளில் கிடைத்தது. சோழமண்டலக் கடற்கரையின் இயற்கையான தாவரம் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று வனவியலார் வகைப்படுத்தியிருந்தார்கள். 1968-ல் சாம்பியன், சேத் ஆகியோர் வெளியிட்ட இந்தியக் காடுகளின் வகைப்பாட்டிலும் அது உண்டு. மரக்காணம் போகும் வழியில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு போன்றவை அதன் மிச்சங்கள். காசா, வீரை, பாலை, கருங்காலி, காட்டு எலுமிச்சை முதலிய மரங்களின் விதைகளைத் திரட்டி, நாற்றங்காலில் வளர்த்து, அக்கேசியா நிழலின் கீழ் நட்டார்கள். பிச்சாண்டிக்குளம் இந்த வேலைக்குப் பெயர்பெற்ற இடம். அக்கேசியா பல புயலில் சாய்ந்தது, சில வெட்டப்பட்டது. கீழே காத்திருந்த மரங்கள் மேலே வந்தன. தோப்புகளின் பழந்தின்னிப் பறவைகளும் வௌவால்களும் விதை பரப்பத் தொடங்கியபின் நடாத கன்றுகளும் முளைத்தன. அய்யனாருக்குப் பயந்து மரத்தில் கை வைக்காத ஊர்க்காரர்களுக்கு அந்தக் காடு கடன்பட்டிருக்கிறது.

இதே அனுபவம் பின்னர் சென்னைக்கும் வந்தது. இடிபாடும் குப்பையும் நிறைந்து கிடந்த அடையாறு முகத்துவாரப் பகுதியில் 58 ஏக்கரைச் சீரமைத்து 2011-ல் திறந்த தொல்காப்பியப் பூங்காவின் திட்டம் பிச்சாண்டிக்குளம் குழுவினர் வகுத்தது.

கணக்கில் வராத வரப்பு

ஆரோவில் மண்ணில் கரிமம் எவ்வளவு ஏறியது என்று கேட்டால் எப்படி விடை காண்பது? பிராட்பாக்கைப் போல முதல் நாள் மண்ணைப் புட்டியில் வைத்திருந்தால் எளிது. அது இல்லாத இடங்களில் ஆய்வாளர்கள் ஒரு மாற்றுவழி வைத்திருக்கிறார்கள்: காலத்துக்குப் பதிலாக இடம். மரம் நடாத பக்கத்து மேட்டை 'தொடக்கம்' என்றும், பத்து, இருபது, நாற்பது ஆண்டுத் தோட்டங்களை 'இடைநிலை' என்றும், கோயில் தோப்பை 'இலக்கு' என்றும் கொண்டு வரிசைப்படுத்தி அளப்பார்கள். 1960-ல் ஹான்ஸ் ஜென்னியும் ராய்சௌத்ரியும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்காக எழுதிய புகழ்பெற்ற நூலிலும் இதே தந்திரம்தான். உழுத நிலத்தையும் உழாத நிலத்தையும் நாடெங்கும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, உழவு எவ்வளவு கரிமத்தைத் தின்றிருக்கிறது என்று காட்டினார்கள்.

இந்த வழியில் ஒரு பொறி இருக்கிறது. எல்லா இடமும் தொடக்கத்தில் ஒன்றுபோல் இருந்தன என்று நாம் நம்ப வேண்டும். கோயில் தோப்பு நல்ல மண்ணில் அமைந்ததால்தான் தோப்பாக நீடித்தது என்றால்? பக்கத்து மேடு படுமோசமாக இருந்ததால்தான் யாரும் நடவில்லை என்றால்? கணித மாதிரி அந்தக் கேள்விக்கு விடை தராது. கொடுத்ததை வைத்துக் கணக்குப் போடும், அவ்வளவே.

இன்னும் பெரிய குறை ஒன்றுண்டு. ரோத்-சி-யின் சமன்பாடுகளில் மண் அரிப்புக்கு இடமில்லை. அது தட்டையான, நகராத இங்கிலாந்து வயலில் பிறந்தது. ஆரோவில்லைக் காப்பாற்றிய முதல் வேலையான வரப்பு அதன் கணக்கில் வரவே வராது. வரப்பில்லாத மேட்டையும் வரப்புள்ள மேட்டையும் அது ஒன்றாகவே நடத்தும். அரிப்பைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்த்தால்தான் செம்மண் மேட்டுக்கு அது பொருந்தும். அதைச் செய்யாமல் கணினி தந்த எண்ணை அப்படியே அச்சிடுகிற அறிக்கைகளை நம்புவதற்கில்லை.

மரத்தின் இனமும் அதற்குத் தெரியாது. காசா விழுத்திய இலையும் சீமைக் கருவேலம் விழுத்திய இலையும் அதற்கு ஒன்றுதான். உவர் நிலத்தில் சீமைக் கருவேலம் கரிமத்தைக் கூட்டும் என்பதைக் கர்னாலில் உள்ள மத்திய உவர்மண் ஆய்வு நிறுவனம் காட்டியிருக்கிறது. அதே மரத்தை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட காலமும் உண்டு. இரண்டும் உண்மை. கரிமம் ஏறினால் நிலம் பிழைத்துக்கொண்டது என்று தெரியும். காடு திரும்பிவிட்டதா என்பதை அறியப் பறவையையும் வண்டையும் முளைத்த கன்றையும் எண்ணித்தான் ஆக வேண்டும்.

எழுபத்திரண்டு கிலோ

இவையெல்லாம் இன்று பணத்தோடு தொடர்புடையவை. 2018-19 நிலவரப்படி இந்தியாவில் 9.785 கோடி ஹெக்டேர் நிலம் சீர்கெட்டுள்ளதாக அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் வரைபட நூல் கூறுகிறது. 2030-க்குள் 2.6 கோடி ஹெக்டேரை மீட்பதாக இந்தியா அறிவித்திருக்கிறது. தமிழ்நாடு 2022-ல் தொடங்கிய பசுமை இயக்கம், மரப்பரப்பை 33 சதவீதமாக்க முனைகிறது. மண்ணில் சேரும் கரிமத்துக்கு விலை கொடுக்கும் சந்தையும் வளர்ந்துவிட்டது. ஒரு டன் சேர்ந்தது என்று எழுதினால் ஒருவர் பணம் பெறுவார்; இன்னொருவர் அதைக் காட்டித் தம் ஆலைப்புகைக்கு ஈடு செய்துவிட்டதாகச் சொல்வார்.

2015-ல் பாரிசில் பிரான்ஸ் முன்வைத்த 'ஆயிரத்துக்கு நான்கு' திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் மண்கரிமத்தை 0.4 சதவீதம் கூட்டுவது இலக்கு. நம் ஹெக்டேரின் 18 டன்னுக்கு அது 72 கிலோ. ஒரே வயலில் பத்தடி தள்ளிக் குழி வெட்டினால் வரும் வேறுபாடே இதைவிடப் பன்மடங்கு இருக்கும். ஓராண்டில் அந்த 72 கிலோவை எந்த ஆய்வகமும் கண்டுபிடிக்காது. பத்தாண்டில் 720 கிலோ, பல இடத்தில் தோண்டினால் ஒருவேளை தெரியலாம். இடைப்பட்ட ஆண்டுகளில் பணம் கொடுப்பது கணித மாதிரி சொல்லும் எண்ணை நம்பித்தான். அந்த மாதிரியைச் சரிபார்க்க உதவுபவை பிராட்பாக், கோயம்புத்தூர் போன்ற பழைய வயல்கள்.

2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் நாடெங்கும் கோடிக்கணக்கில் மண்கூறுகள் சோதிக்கப்பட்டன. அட்டையில் 12 பண்புகள் இருக்கும். கரிமச் சதவீதமும் அவற்றில் ஒன்று. பெரும்பாலும் 1934-ல் வாக்லி, பிளாக் இருவரும் வகுத்த முறைப்படி, டைகுரோமேட் கரைசலில் கரிமத்தை ஆக்சிஜனேற்றம் செய்து அளக்கிறார்கள். அம்முறையில் கரிமம் முழுதும் சிக்குவதில்லை, முக்கால் பங்கு சொச்சமே சிக்கும், எனவே 1.3-ஆல் பெருக்கித் திருத்துவார்கள். திருத்திய எண்ணா திருத்தாத எண்ணா என்பதை அட்டையைப் பார்த்து அறிய முடிவதில்லை. மண்ணின் கன அடர்த்தி அந்தப் பன்னிரண்டில் இல்லை. அடர்த்தி இல்லாமல் இக்கட்டுரையின் தொடக்கத்தில் போட்ட 18 டன் கணக்கைப் போடவே முடியாது. உழவனுக்கு உரம் பரிந்துரைக்க அந்த அட்டை போதும். நிலம் தேறிய வரலாற்றை எழுதப் போதாது.

குறை தீர்க்கப் பெரிய கருவி தேவையில்லை. பள்ளி வளாகத்திலோ ஏரிக்கரையிலோ மரம் நடுகிறவர்கள், நடுவதற்கு முன் ஐந்தாறு இடங்களில் 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து, அளவு தெரிந்த இரும்புக் குழாயை அடித்து இறக்கி மண்ணை எடுக்கலாம். நிழலில் உலர்த்திய பின் அதில் ஒரு பிடியை ஈரம் அறிவதற்காக அடுப்பில் உலர்த்தி எடை போடலாம். மீதி மண்ணைப் புட்டியில் அடைத்து வைக்கலாம். மரம் நடாத பக்கத்து நிலத்திலும் அதேபோல் எடுக்க வேண்டும். சீட்டில் நாள், இடம், ஆழம், குழாயின் கொள்ளளவு, உலர்ந்த எடை ஆகிய ஐந்தையும் பென்சிலால் எழுதுவது நல்லது, மை வெளுத்துவிடும்.